பவியின் கையில் ஒட்டியிருந்த தாள்

அம்பத்தூரில் அந்த மருத்துவமனையின் கட்டுப் போடும் அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு உண்டு. உள்ளே பிள்ளைகள் அழுவது அங்கே நன்றாகக் கேட்கும். என் மகள் பவி அழுததை அதில் உட்கார்ந்துதான் கேட்டேன். இப்போது அந்த அறைக்குள் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு அண்ணனூரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சோறு வடிக்கும்போது பிடிதுணி நழுவிவிட்டது. கொதிக்கும் கஞ்சி, பக்கத்தில் நின்ற பவியின் இடது முழங்கையில் கொட்டியது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தோம். தண்ணீர் பட்ட இடத்தில் தோல் சுருண்டு போனது.

இரண்டாம் நிலைத் தீக்காயம் (மேல்தோல் முழுவதும், உள்தோலில் கொஞ்சமும் வெந்து போவது) என்றார் மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டரம்மா. காயத்தைச் சுத்தம் செய்து, வெள்ளையாக, மெல்லிசாக ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அது கொலாஜன் (நம் தோலுக்கு உறுதி தரும் புரதம்). மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுப்பார்களாம்.

பவி அழுகையை நிறுத்தினாள். "மீனா? அப்போ பூனை வந்து நக்கும்ல டாக்டர்?"

"வரட்டும் கண்ணு," என்றார் நர்ஸ். "அதுக்கும் ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம்."

அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "இத தினமும் மாத்த வேணாம். காயத்தோட ஒட்டிக்கும். கிருமிய உள்ள விடாது. அடியில புதுத்தோல் வளரும். வளந்து முடிஞ்சா தானா காஞ்சு கழண்டுடும். நீங்க மட்டும் தொடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் எஃகுத் தகடுகளில் வேலை. தகட்டில் கீறல் விழாதிருக்க நீலப் பிலிம் ஒட்டி வரும். அதன் ஓரம் தூக்கிவிட்டால் உடனே உரித்துவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் பசை இறுகி, தகடு வீணாகிவிடும். பதினெட்டு வருடமாக இந்தக் கட்டைவிரல் நகத்தால் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் காலை. தாளின்மேல் சுற்றியிருந்த கட்டுத்துணியை மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். தாளின் ஓரம் மஞ்சளாகக் காய்ந்து, லேசாகத் தூக்கியிருந்தது. கழலத் தொடங்கிவிட்டது, இப்போது விட்டால் இறுகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, இன்னும் ஒட்டிகினு கீதுப்பா. உடு."

"ஒரே நிமிசம்டா. ஓரம் மட்டுந்தான்."

"உடு நைனா, வலிக்குது!"

இழுத்துவிட்டேன். தீப்பெட்டி அகலத்துக்கு வந்தது. அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

அவள் அம்மாவிடம், தானாக வந்துவிட்டது என்று சொன்னேன். பவி என் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. காயத்தில் வாடை. கிருமித் தொற்று (காயத்துக்குள் கிருமி புகுந்து பெருகுவது). டாக்டரம்மா அந்த இடத்தைப் பார்த்ததும், "யார் உரிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்," என்றாள் பவி. "அரிச்சுது."

என் மகள் எனக்காகப் பொய் சொன்னாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. "நான்தாம்மா. ஓரம் தூக்கிகினு இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. "நீங்க உரிச்சது தாள இல்ல சார். அடியில வந்த தோல."

மருந்து ஏற்றித் தொற்றை அடக்கினார்கள். ஆனால் அந்த இடம் ஆழமாகிவிட்டதால் தானாக மூடவில்லை. தோல் ஒட்டு (உடம்பின் வேறு இடத்திலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். தொடையிலிருந்து எடுத்தார்கள். எடுத்த இடமும் காயம்தானே. அதன்மேல் மறுபடி அதே தாளை வைத்தார்கள்.

நான் கட்டிலருகே போனாலே பவி சொல்வாள்: "அப்பா, கை கட்டிகினு நில்லு."

நின்றேன். தொடைத் தாளின் ஓரமும் ஒருநாள் தூக்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன். நர்ஸ் வந்து தூக்கிய ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மீதியும் தானாக உதிர்ந்து படுக்கையில் கிடந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். கை போகாத இடத்தில் தோல் எவ்வளவு ஒழுங்காக வந்திருந்தது!

பிள்ளைகளே, அரித்தால் சொறியாதீர்கள் என்று உங்களுக்கு எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது வேறு. அப்பாவோ அம்மாவோ அந்தத் தாளைத் தொட வந்தால், கத்துங்கள். பவி இரண்டு தடவை சொன்னாள். நீங்கள் நர்ஸுக்குக் கேட்கும்வரை கத்துங்கள். அப்புறம், எங்களைக் காப்பாற்றப் பொய் சொல்லாதீர்கள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பவியால் முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை. தினமும் எண்ணெய் தடவி நீட்டப் பழக்குகிறோம். ஒட்டிய தோல் மற்றத் தோலைப் போல இழுபடாதாம். பிள்ளை வளர வளர அது பிடித்து இழுக்கும், அப்போது மறுபடி அறுவை செய்து தளர்த்திவிட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எப்போது என்று கேட்டேன். "அவ எப்ப உசரமாவுறாளோ, அப்ப," என்றார்.

போன வாரம் பள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு பவி வந்து நின்றாள். சட்டை இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது.

"அப்பா, பாரேன், வளந்துட்டேன்!"

"ஆமாடா," என்றேன். என் கண் அவள் முழங்கையில் இருந்தது.