பந்து வருமுன் ஓர் ஓட்டம்

என் அண்ணன் மனைவி தர்ஷினி எதற்கும் பயப்படுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ட்ராம் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. எங்கள் பெண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் பந்தை எறிகிறவளும் அவள்தான். யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். இரண்டு வருடம் பெஞ்சில் இருந்து பிடித்த இடம் அது.

என் வேலை ஓடுவது. பந்து அவள் கைக்கு வருவதற்கு முன், மற்றவர்கள் அசையாமல் நிற்க, நான் மட்டும் குறுக்கே ஓடுவேன். எதிரணியில் ஒருத்தி என் பின்னால் வந்தால், அவர்கள் ஆளுக்கு ஆள் காவல். யாரும் வராவிட்டால், இடத்தைக் காக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் தர்ஷினி எறிவாள். எனக்கு எறிந்ததே இல்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு.

என்னை ஓடவிட "வா" என்று தமிழில் கத்துவாள். எதிரணிக்கு எங்கே விளங்கப்போகிறது என்ற திமிர். லண்டனில், அதுவும் தெருவுக்குத் தெரு தமிழர் இருக்கும் மிச்சத்தில்! என்ன மூளை எங்களுக்கு.

போன ஆட்டத்தில் அவள் இரண்டு முறை எதிரணியின் கையிலேயே எறிந்துவிட்டாள். இன்று இன்னொன்று போனால் சீசன் முழுக்க பெஞ்ச்தான் என்று கோச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

கடைசி நிமிடங்களில் எதிரணிப் பெண் ஒருத்தி என் காலைக் காட்டினாள். "அக்கா, உங்கட லேஸ் அவிண்டு கிடக்கு."

தர்ஷினியின் முகம் வெளிறிவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

"ஐயோ, இவ்வளவு நேரமும் அவளுக்கு விளங்கியிருக்கு! எனக்கு ஏலாது வான்மதி, நான் வெளியில போறன்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "விசர்க்கதை கதையாதை. நான் ஓடுறது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால தெரியுதுதானே? விளங்கினால் என்ன, விளங்காட்டி என்ன? பின்னால வாறதோ நிக்கிறதோ, ஏதோ ஒண்டு அவள் செய்யத்தானே வேணும்!"

நான் லேஸைக் கட்டி நிமிர்வதற்குள் அவள் தன் இடத்துக்குப் போயிருந்தாள்.

"வான்மதி, வா!" குரல் கீச்சிட்டது.

ஓடினேன். லேஸ் சொன்ன பிள்ளை என் பின்னாலேயே வந்தாள். அவள் விட்டு வந்த இடம் காலியாகக் கிடந்தது. எங்கள் பெனிற்றா அங்கே பாய்ந்தாள். பந்து போவதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பெனிற்றா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

வென்றோம். கோச் வந்து தர்ஷினியின் தோளில் தட்டி, அடுத்த வாரமும் எறிவது அவள்தான் என்றார்.

"அடுத்த கிழமையும் நானோ?" என்று என்னைக் கேட்டாள். பிறகு புல்லில் குந்தி அழுதாள்.