பின்னால் கால் வைக்க இடம்

இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டி மலைப்பாதைக்கு எந்த பைக் வாங்குவது என்று முடிவு செய்ய முடியாமல் மாதக்கணக்கில் தவித்தேன். அண்ணனூரில் ரயில் ஏறினால் பைக் வீடியோதான். அதைப் பார்த்துக்கொண்டே அம்பத்தூரில் இறங்காமல் விட்டிருக்கிறேன். சாப்பிடும்போதும் என் மனைவி ஸ்டெல்லாவிடம் டயர், டேங்க், எடை, உயரம் என்று அதே பேச்சு. அவளும் சலிக்காமல் கேட்பாள்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் நண்பன் ஆன்டனி தன் பைக்கைச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் கொண்டுவந்தான். ஸ்டெல்லாவும் நானும் போனோம்.

"இன்னும் இன்னா மச்சான் யோசிச்சுகினு கீற? ஓட்டிப் பாரு."

கல்லும் குழியுமான தடத்தில் எழுந்து நின்றபடி ஓட்டினேன். இதுதான் என் வண்டி என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

ஸ்டெல்லா துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். "நானும் ஒரு ரவுண்டு வரேன்" என்று என் தோளைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். கால் அந்தரத்தில் துழாவியது.

"பின்னாடி ஃபுட்ரெஸ்ட்ட கழட்டிட்டேன் தங்கச்சி. வெயிட் கொறையும்ல?" என்றான் ஆன்டனி.

அவள் காலை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்க தனியாத்தான் போறீங்களா? நான் லீவு சொல்லிட்டேனே."

என்ஜினை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. யார் யாரிடமோ என்னென்னவோ விசாரித்திருந்தேன். "நீயும் வர்றியா?" என்று அவளிடம் மட்டும் கேட்டதில்லை.

இன்னும் வண்டி வாங்கவில்லை. சிக்னலில் எந்த பைக் நின்றாலும், பின்னால் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் என் கண் தேடுகிறது. ஸ்டெல்லா லீவை ரத்து செய்துவிட்டாளா என்று கேட்க மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.