அழைப்பிதழின் கடைசி வரி

என் தம்பி பெனிட்டோவைப் பற்றி யாராவது கேட்டால் நிறுத்தாமல் பேசுவேன். 2010 மே மாதம் நடந்ததை மட்டும் விட்டுவிடுவேன். அதை இப்போது எழுதுகிறேன்.

கடியப்பட்டணத்தில் எனக்கு வீட்டோடு தையல் வேலை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பெனிட்டோ நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்தான். அப்பா ஏசுஅடிமை பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தார். தங்கை அஜிஷாவின் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "அவ சம்மதம் சொல்றத மட்டும் கேட்டா போதும் மக்கா" என்றார் போனில்.

அதற்காகவே பெனிட்டோ ஒரு வெப்சைட் செய்தான். கோயில் மைக்கின் சத்தம் அவன் லேப்டாப் வழியாக வெளிநாட்டிலுள்ள ஒரு வாடகைக் கம்ப்யூட்டருக்குப் போகும். அப்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன். வருகிற சத்தத்தை அது அப்படியே வாங்காது. அதனால் அப்பா திறந்த நொடியிலிருந்து, அவர் போனுக்குத் தக்கபடி அந்தக் கம்ப்யூட்டர் மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும்.

"துணி தறியில இருந்து வர வர நீ தைக்கணும் அக்கா. அதும் கேக்குற ஒவ்வொரு ஆளுக்கும் தனி அளவு. பத்து பேருக்கு மேல போனா தையக்காரி விழுந்துருவா" என்றான்.

மூன்று ஞாயிறு திருப்பலியில் சோதித்தோம். என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், எத்தனை நொடி தாமதம் என்று எழுதினேன். மூன்றாம் வாரம் அப்பா சிரித்தார். "சாமியார் இருமுனது கூட கேட்டுச்சு!"

அந்தச் சந்தோஷத்தில்தான் அதைச் செய்தேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போனபோது கடைசி வரியாக வெப்சைட் விலாசத்தைச் சேர்த்தேன். எழுத்து எழுத்தாக நான்கு முறை சரிபார்த்தேன்.

"என்னத்துக்கு அக்கா இத போட்ட? பத்து பேருன்னு சொன்னம்லா?"

"எனக்க தம்பி செஞ்சத நாலு பேரு அறியட்டும்லே."

"அப்பாக்கு மட்டும் ஒரு பாஸ்வேர்டு வச்சா..."

"வச்சா சிலுவை மாமா மொகத்த தூக்கி வச்சுகிடுவாரு. அவருக்க மவனும் துபாயில இருக்கான்லா."

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

கல்யாணப் பந்தியில் சிலுவை மாமா சத்தமாகச் சொன்னார்: "ஏட்டி விக்டோரியா, உனக்க தம்பிக்க ரேடியோவுக்கு விக்கல் புடிச்சிருக்காம், விட்டு விட்டுதான் கேக்காம்! துபாயில இருந்து மவன் போன்ல விளிச்சான்." எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் பெனிட்டோவைத் திட்டினேன். "ஒரு வேலய உருப்படியா செய்யத் தெரியாதாலே?" அவன் குனிந்தபடி பிரியாணி பரிமாறிக்கொண்டே போனான்.

சாயங்காலம் அப்பா அழைத்தார். "எனக்கு நல்லா கேட்டுச்சு மக்கா. பிள்ள தெளிவா சொன்னா." நோட்டில் குறித்துக்கொண்டேன்: அப்பா, நன்றாகக் கேட்டது.

2013இல் அப்பா ஊரோடு வந்துவிட்டார். ஒருநாள் அஜிஷாவிடம், "அண்ணைக்கு கோயில்ல என்ன சொன்ன? ஒருக்கா சொல்லு பாப்போம்" என்றார்.

"நீங்கதான் கேட்டியளே அப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். "கேட்டேன், கேட்டேன்" என்று எழுந்து முகம் கழுவப் போனார்.

பெங்களூரில் வேலையிலிருந்த பெனிட்டோவுக்கு அப்போதே போன் போட்டேன்.

"அப்பா பதினேழு தடவ திறந்து பாத்தாவ அக்கா. ஒண்ணும் போகல. அறுபத்திரண்டு பேரு ஒண்ணா வந்துட்டாவ. உனக்கிட்ட சொல்லப்படாதுன்னு அப்பா சொன்னாவ."

"அவ சம்மதம் சொன்னத எங்கயாவது சேத்து வச்சிருக்கியாலே?"

"இல்ல. வர வர மாத்தி அனுப்புனதோட சரி."

"நான் ஏசுனப்போ ஏம்லே வாய தொறக்கல?"

"கல்யாண வீடுல்லா அக்கா."

நோட்டில் அந்த வரியை அடித்து, சரியானதை எழுதினேன். பிறகு சிலுவை மாமா வீட்டுக்குப் போனேன். அன்று ரேடியோ விக்கியது என் தம்பியின் தப்பல்ல, அழைப்பிதழில் நான் சேர்த்த வரியால் வந்தது என்று முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த ரேடியோ மக்கா?" என்றார்.