எங்கள் ஃபோர்மேன் அமலதாஸ் கிர்கிஸ்தான் போனார்

அமலதாஸ் அண்ணன் காலமான செய்தி எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகளாக வந்தது. போன மாதம் ஒரு காலையில், மகளை அழைத்துவரக் கொடைரோடு ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் பேசியவர் லாவண்யா. புகைப்படம் எடுப்பதற்கென்றே எட்டுப் பேரைக் கிர்கிஸ்தானுக்கு அழைத்துப்போயிருந்த வழிகாட்டி அவர். மலைமேல் அண்ணனுக்கு மூச்சுத் திணறல், ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டிருக்கிறோம், பையில் ஒரு பெப்பர்மின்ட் டப்பா நிறைய மாத்திரைகள் இருக்கின்றன, எதிலும் பெயரில்லை, என்ன மாத்திரை என்று உடனே அனுப்புங்கள் என்றார். அத்தோடு சிக்னல் போய்விட்டது.

அண்ணனின் மனைவி பிலோமினா மதினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டாக்டர் சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடினார். கடைக்காரர் அனுப்பிய பெயர்களை லாவண்யாவுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் எப்போது விழும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. ரயில் வந்து, மகள் இறங்கி என் தோளைத் தொட்டபோதும் ஒரே டிக்தான். அப்புறம் இரண்டாவது அழைப்பு வந்தது. லாவண்யா அழுதுகொண்டிருந்தார்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் எலக்ட்ரிகல் ஃபோர்மேன், நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தா. கருகிப்போன மோட்டார்களை மேனேஜருக்குப் படம்பிடித்துக் காட்ட மில்லில் ஒரு கேமரா கொடுத்தார்கள். அந்தக் கேமரா அவரைப் பிடித்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்து தூங்கி வழியும் மில் பஸ் ஜன்னல்கள், வரிசையாகச் சாய்ந்த சைக்கிள்கள் என்று எடுத்துத் தள்ளினார். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்.

என் மகள் கல்யாணத்துக்கும் அவர்தான் படம் எடுத்தார். சமையல்காரரின் கை, பந்திக்குக் காத்திருக்கும் செருப்புகள், கைகழுவும் இடத்தில் அழும் குழந்தை எல்லாம் அற்புதமாக வந்திருந்தன. சம்பந்தி வீட்டார் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அண்ணனிடம் கேட்டதற்கு, "அவுக மொகத்துல வெளிச்சமே இல்லையேப்பு" என்றார். கோபப்பட முயன்று, முடியாமல் சிரித்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பின் ஒருநாள் போனில் அந்தப் பயண விளம்பரத்தைக் காட்டினார். மலைமேல் ஏரி, அதைச் சுற்றிக் குதிரைகள். ஊரில் இல்லாத குதிரையா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க கேமராவத் தூக்குனாலே கல்யாணமா, காதுகுத்தான்னு கேக்குறாக. எதுக்கு எடுக்குறன்னு கேக்காத ஆளுகளோட ஒருதடவ நின்னு பாத்துரணும் அப்பு."

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். மில்லில் எல்லோருக்கும் நிரப்பியவன் நான். நோய் உண்டா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்தில் வந்தாலும் ஆளைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதுவது எங்கள் டைம் ஆபீஸ் வழக்கம். உண்டு என்று எழுதினால் வேலை போய்விடும் என்ற பயம். அதை நான் ஒரு உதவி என்றே நினைத்திருந்தேன். ஆனால் இருதய நோய் என்ற இடத்தில் அன்று என் கை நின்றது.

"இல்லைன்னு போடு முருகேசு. ஆமான்னு போட்டா அடிவாரத்துலயே உக்கார வச்சுருவாக" என்றார் அண்ணன்.

போட்டேன். அவசரத் தொடர்புக்கு என் எண்ணையே கொடுத்தேன். அட்டையோடு கொண்டுபோனால் கூட வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரைகளை உதிரியாக டப்பாவில் போட்டுக்கொண்டதாகச் சொன்னபோது, கெட்டிக்காரர்தான் என்று மெச்சவும் செய்தேன்.

நான்காம் நாள் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார். பனிமூட்டத்தில் ஒரு குதிரையின் முதுகு மட்டும் தெரிந்தது. கூடவே குரல் செய்தி. "முருகேசு, விடிஞ்சதுலருந்து இங்கனயே நிக்கிறேன். யாரும் எதுக்குன்னு கேக்கல." அவ்வளவு சந்தோஷமான குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கொடைரோட்டில் எனக்கு அந்த அழைப்பு வந்தது.

உடல் வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று. லாவண்யா கூடவே வந்தார். திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில், குழிக்குப் பக்கத்தில் வைத்து, சேவுகம்பட்டியிலிருந்து வந்திருந்த அண்ணனின் தம்பி லாவண்யாவைப் பிடித்துக்கொண்டார். இருதய நோயாளியை மலைமேல் ஏற்றலாமா, உனக்கு அறிவில்லையா என்று கத்தினார். எங்கள் படிவம் லாவண்யாவின் போனிலேயே இருந்தது. அவர் அதை எடுத்துக் காட்டவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நோய் இல்லைன்னு எழுதுனது நாந்தான்" என்றேன்.

தம்பி என் பக்கம் திரும்பினார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். பெட்டியருகே உட்கார்ந்திருந்த மதினிதான் பேசினார், தலையைக்கூடத் தூக்காமல்.

"முருகேசுவ விடுங்க. மாத்திரைய எல்லாம் உரிச்சு டப்பாவுல போட்டது நாந்தேன். அவரு டப்பாவப் பிடிச்சாரு, நான் உரிச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே உரிச்சோம்."

பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். தயங்கி நின்ற லாவண்யாவின் கையைப் பிடித்து மதினியே மண்ணை வைத்தார்.

அண்ணே, உங்கள் பேச்சை எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். அன்று ஒரு நாள் தட்டாமல் போனேன். போய் வாருங்கள்.