பனிக்குள் எந்தக் குரல் அவளுடையது

ஐயா, அம்மையீர், வணக்கம்.

இதனை வாசிக்க முன்வந்த தங்களுக்கு முதற்கண் என் நன்றி. நான் கொடைக்கானல் ஏரிக்கரையில் நெடுங்காலம் வாடகைச் சைக்கிள் கடை நடத்தியவன். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டேன். எழுத்துத் தமிழைப் பழைய வார இதழ்களிலிருந்தும், கூடைப்பந்து விதிகளை ஓர் ஆங்கிலக் கையேட்டிலிருந்தும், அகராதியைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு நானே கற்றேன். கடையை மகனிடம் ஒப்படைத்த பின்னும் விசிலை ஒப்படைக்க மனம் வரவில்லை. ஏரிக்கு மேலேயுள்ள திறந்தவெளி ஆடுகளத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு இன்றும் நானே நடுவர்.

நான் எழுத விரும்புவது ஒரு சீனப் பெண்ணைப் பற்றி. அவள் வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரியாகத் தேறுவாளா என்று ஒருநாள் எங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. நாங்கள் சொன்னதையும், அது என்ன ஆயிற்று என்பதையும் உள்ளது உள்ளபடி தெரிவிக்கிறேன்.

அவள் இங்குள்ள ஒரு விடுதிப் பள்ளியில் படிக்க வந்தவள். தந்தையார் வேறொரு நாட்டில் பாலம் கட்டும் பணியில் இருந்தார். தாயார் சீனாவின் மலைநகரம் ஒன்றில் ஆசிரியை. வந்த புதிதில் அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆடுகளத்தின் வாசலில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் அவளுக்கு முதல் சிநேகிதி. மிளகாய் பஜ்ஜியைக் கண்ணில் நீர் வராமல் தின்னும் வெளியூர்ப் பிள்ளையை அந்த அம்மாள் அதுவரை கண்டதில்லையாம். முதலில் "சைனா பாப்பா" என்று அழைத்தார். சில மாதங்களில் "சைனா" உதிர்ந்துபோய் வெறும் "பாப்பா" ஆயிற்று. எவரும் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஆட்டத்தில் அவள் கெட்டிக்காரி. எங்கள் ஊரில் பந்து பாதி நாள் ஈரமாகவே இருக்கும். அதைச் சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, பார்ப்பவர் இமைப்பதற்குள் வளையத்தை நோக்கி எறிந்துவிடுவாள். குறையும் உண்டு. இடது கை சற்று மந்தம். உயரத்தில் இங்குள்ள பெண்களை விட ஒரு தலை கூடுதல் என்றாலும், வெளிநாட்டு அணிகளில் அது சாதாரண உயரம்தான்.

பள்ளிப்படிப்பு முடியும் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு மகளிர் கழகத்தின் சார்பில் ஆட்டக்காரிகளைத் தேர்வு செய்யும் அம்மையார் ஒருவர் வந்தார். மதுரைப் பக்கத்தில் பிறந்து, நம் மாநிலத்துக்காக ஆடி, பிறகு அங்கே குடியேறியவர். கழகத்தின் பயிற்சி அணியில் ஓர் இடம் இருந்தது. ஓராண்டு தாக்குப்பிடித்தால் தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்கும். பெண்ணின் தாயாரோ ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தார்: தேர்வாளர் வேண்டாம் என்றால் மகள் ஊர் திரும்பிக் கணக்கியல் படிக்க வேண்டும், மறுபேச்சில்லை. ஆகவே அந்த ஒரு மாலையில் அவளுடைய பிழைப்பே தீர்மானமாக இருந்தது. அவளுக்கும் அது தெரியும். அன்று அவள் பஜ்ஜி தின்னவில்லை.

பெருமாள்மலைப் பெண்கள் அணியுடன் ஆட்டம். தொடங்குவதற்கு முன், அம்மையாரும் பள்ளிப் பயிற்சியாளரும் நானும் பஜ்ஜிக் கடைப் பெஞ்சில் அமர்ந்திருந்தோம்.

"ஆட்டத்த நான் வீடியோவுலயே பாத்துட்டேங்க. கை நல்ல கை. எடது கைய ஒரு வருஷத்துல சரி பண்ணிரலாம்" என்றார் அம்மையார். "எனக்கு வேற ஒண்ணு தெரியணும். அங்க வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேரு ஆட்டத்துல தோக்குறதில்ல. சாப்பாடு பிடிக்கல, பேச ஆள் இல்ல, மூணு மாசத்துல அழுதுட்டுப் பெட்டியக் கட்டிர்றாங்க. இந்தப் பிள்ளை வெளியூர்ல தாங்குமா? நீங்கதான் கூடவே இருந்து பாத்தவங்க, சொல்லுங்க."

பயிற்சியாளர் திண்டுக்கல்காரர், மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர். "கஷ்டந்தான் மேடம். இங்கன்னா அவளுக்கு எல்லாரும் இருக்கோம். அங்க யாரு இருக்கா? நம்ம கொடைக்கானல் மாதிரி வருமா?"

எண்ணெய்ச் சட்டியின் பக்கத்திலிருந்து கடைக்கார அம்மாள் குரல் கொடுத்தார்: "அங்கிட்டு மொளகா பஜ்ஜி கெடைக்குமா மேடம்?"

"கெடைக்காதுங்க."

"அப்பப் பாப்பா எளச்சுரும். சொல்லிட்டேன்."

என் முறை வந்தது. நடுவனுக்கு ஆதாரம் முக்கியம். ஆகவே ஆதாரத்துடன் பேசினேன். முந்தைய கோடையில் பழனிக்கு ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். அடிவாரத்து வெயில். இரண்டாம் நாளே பெண்ணின் முகம் வாடிவிட்டது. சாப்பாட்டில் மனமில்லை. "கொடைக்கு எப்பப் போவோம், ரெஃப்ரி சார்?" என்று என்னிடமே வந்து நின்றாள். மலை இறங்கிய இரண்டு நாளுக்கே இப்படியென்றால், கடல் கடந்து எப்படி இருப்பாள்? "கைத்திறன் உண்டு, பிரிவைத் தாங்கும் உறுதி போதாது என்பது என் தாழ்மையான கருத்து" என்று தெளிவாகவே சொன்னேன்.

அம்மையாரின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நானோ நேர்மையாக நடந்துகொண்ட திருப்தியுடன் விசிலை எடுத்துக்கொண்டு களத்துக்குள் போனேன்.

ஆட்டம் பாதியைத் தாண்டியபோது பனி இறங்கியது.

எங்கள் களத்தில் பனிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கையேட்டிலும் அது இல்லை. பனி மூடியதும் நடுவர் நீளமாக ஒரு விசில் கொடுப்பார். கடிகாரம் நிற்கும். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மற்ற யாவரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அசையக் கூடாது. முன்பு ஒருமுறை பனி விலகிப் பார்த்தபோது ஓர் அணி முழுவதும் எதிரணி வளையத்தின் கீழே கூடியிருந்தது. எப்படி வந்தார்கள் என்று கேட்டதற்குக் காற்றடித்தது என்றார்கள். அதிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. பனி இருக்கும் வரை ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் இடம் மாறினால் ஆள் நகர்ந்துவிட்டதாக நடுவர் அறிவார்.

அன்று நல்ல அடர்த்தி. என் கையிலிருந்த விசில்கூடக் கண்ணுக்கு மங்கியது. எல்லைக்கோட்டைக் காலால் தடவிக்கொண்டே அம்மையாரின் பெஞ்சுக்கு அருகில் வந்து நின்றேன். வெண்மைக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"இங்கனதான் இருக்கேன், நகரல!"

"ஏண்டி சாக்லேட் கடை, நீ நகர்ற! காலடிச் சத்தம் கேக்குது!"

"நான் எதுக்கு நகர்றேன்? குளிருக்குக் கால உதறுறேன்."

"உதறிக்கிட்டே எங்க வளையம் வரைக்கும் வந்துருவியே!"

"ரெஃப்ரி சார், யாரோ என் கால மிதிக்கிறாங்க!"

"ஒன் காலு அங்க எதுக்குடி வந்துச்சு?"

"வெரசா வெலகச் சொல்லுங்கப்பா, வீட்ல சோலி கெடக்கு!"

"பனிக்கு நீயே ஒரு போனப் போட்டுச் சொல்லேன்!"

களமே சிரித்தது. எவர் சிரிப்பு எவருடையது என்று பிரிக்க முடியவில்லை. அம்மையார் என் பக்கம் சாய்ந்து, "ஐயா, இதுல அந்தச் சைனாப் பொண்ணு எது?" என்று கேட்டார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் குரலை நூறு முறை கேட்டவன் நான். அதில் பாதி, என் விசிலை எதிர்த்து அவள் வாதாடியபோது கேட்டது. ஆயினும் அந்தப் பத்துக் குரல்களில் அவளுடையதை என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை. பயிற்சியாளரைக் கேட்டோம். "சோலி கெடக்குன்னது பெருமாள்மலைப் பொண்ணு. அது மட்டும் நிச்சயம். மத்ததுல ஒண்ணு நம்ம பிள்ளை" என்றார்.

பனி கிழிந்து, முதலில் வளையங்களும் பிறகு தலைகளும் தெரிந்தன. பெருமாள்மலை அணித்தலைவி, ஊரில் சாக்லேட் கடையில் வேலை பார்ப்பவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் சீனப் பெண்ணைச் சுட்டிக்காட்டினாள்.

"பாருங்க சார், இவதான் வீட்ல சோலி கெடக்குன்னா! ஹாஸ்டல்ல ஒனக்கு என்னடி சோலி?"

பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அவள் சற்றும் தயங்காமல் சொன்னாள்: "துணி ஊற வச்சிருக்கேன்டி!"

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என்னிடம் கேட்டார்: "ஐயா, பழனியில ரெண்டாம் நாள் முகம் வாடிப் போச்சுன்னீங்களே. சைனாவுக்குப் போகணும்னா கேட்டா?"

"இல்லை. கொடைக்குத்தான் கேட்டாள்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது.

அவளுக்குக் கொடைக்கானல்தானே வெளிநாடு! அந்த வெளிநாட்டை இரண்டு நாள் பிரிந்ததற்கல்லவா முகம் வாடினாள்! மொழி தெரியாமல் வந்து, எங்கள் சாப்பாட்டைத் தின்று, எங்கள் பெண்களுக்கு எங்கள் பேச்சிலேயே பதிலடி கொடுக்கும் ஒருத்தியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, இவள் வெளியூரில் தாங்குவாளா என்று நாங்கள் மூவரும் வருத்தத்துடன் தலையாட்டியிருந்தோம். அவள் வெளியூர்க்காரி என்பதே எங்கள் நினைவில் இல்லை. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடிகாரத்தை ஓடவிட நான் மறந்து நின்றதால் பெருமாள்மலைப் பெண்கள் கூச்சலிட்டார்கள்.

"அம்மையீர், என் முந்தைய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நடுவன் கொடுத்த தீர்ப்பை மாற்றுவது வழக்கமில்லை. அன்று மாற்றியதில் எனக்கு வெட்கமும் இல்லை.

ஆட்டத்தில் எங்கள் பள்ளி தோற்றது. கடைசி நேரத்தில் அவள் மீது நான் ஒரு ஃபவுல் கொடுத்ததே காரணம் என்பது அவளுடைய வாதம். அதை முடிப்பதற்குள் அம்மையார் அவளைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவள் நேரே பஜ்ஜிக் கடைக்குப் போனாள்.

"அக்கா, நாலு மொளகா பஜ்ஜி."

"என்ன பாப்பா சொன்னாங்க அந்த மேடம்?"

"எடுத்துட்டாங்க." பஜ்ஜியை ஊதிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ஆனா ரெஃப்ரி சார், அது ஃபவுலே இல்ல."

அவள் போனபின் மாதங்கள் கழிந்தன. அந்த ஓராண்டின் முதல் பாதியில் பெரும்பாலும் மாற்றாட்டக்காரிகளின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பயிற்சியாளர் மூலம் தெரியவந்தது. ஒருவேளை என் முதல் கருத்தே சரியோ என்று உள்ளுக்குள் ஓர் அச்சம் இருந்ததை மறைக்கவில்லை. பிறகு ஒரு காலையில், வெள்ளனே, அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, இந்த வாரம் டீமோட வெளியூர் போயிருந்தோம். ரெண்டாம் நாளே உங்க பொண்ணு முகம் வாடிப் போச்சு. சாப்பிட மாட்டேங்குறா. எப்ப வீட்டுக்குப் போவோம்னு என்னையத் தொளைக்கிறா."

என் மனம் கனத்தது. "எந்த வீட்டுக்கு அம்மா?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேட்டேன். எங்க ஊருக்குத்தாங்க! கடலோரத்துல அவ தங்கியிருக்குற வீட்டுக்கு! இன்னைக்குக் காலையில ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டோம். ஆட்டத்துக்குப் பாதி, இதுக்குப் பாதின்னு வச்சுக்கங்க."

செய்தியைச் சொல்ல உடனே பஜ்ஜிக் கடைக்கு நடந்தேன். கடைக்கார அம்மாள் முழுவதையும் கேட்டு முதலில் மகிழ்ந்தார். பிறகு கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டு, "அப்ப நம்ம ஊர மறந்துருச்சா அண்ணே?" என்று கேட்டார். அடுத்த விடுமுறைக்கு இங்கேதான் வருகிறாளாம் என்று நான் சொன்ன பிறகே எனக்குத் தட்டு வந்தது.

ஐயா, அம்மையீர், இம்மலைக்கு இனியும் வெளியூர்ப் பிள்ளைகள் ஆட வருவார்கள். அவர்களைப் பற்றியும் யாரேனும் யாரிடமேனும் கருத்துக் கேட்பார்கள். அப்போது எடுத்துப் படிக்க உதவும் என்பதால், இந்தத் தாள்களைத் தாங்கள் எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.