கேக்கில் எழுதும் அக்கா மூச்சு விட்ட கதை

பேக்கரியின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு சின்ன மேஜை. அங்கே உட்கார்ந்து கேக்குகளின் மேல் பெயர் எழுதுவதுதான் அக்காவின் வேலை. முப்பது வருஷமாக! அந்த ஊரில் அவள் கையெழுத்தைத் தின்னாத ஆளே கிடையாது. வக்கீல் தின்றிருக்கிறார், நீதிபதியும் தின்றிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அப்போதிருந்த மாஸ்டர் அவள் கையில் சர்க்கரைக் குழைவு நிரப்பிய ஐசிங் கோனைக் கொடுத்து, "மூச்சு விடாதே, கோடு கோணிப் போயிடும்" என்றார். சொன்னவர் மறந்துவிட்டார், அக்கா மறக்கவில்லை. முதலில் ஓர் எழுத்துக்கு மூச்சைப் பிடித்தாள், பிறகு ஒரு பெயருக்கு, பிறகு 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' முழுவதற்கும். அவள் எழுதும்போது சுவர்ப் பல்லியும் சேர்ந்து மூச்சடக்குமாம். ஒரு பல்லி மயங்கியே விழுந்ததாகக் கேள்வி. சாட்சி சொல்ல அந்தப் பல்லி இப்போது இல்லை.

பழக்கம் மேஜையோடு நிற்கவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதும் மூச்சு நின்றது, நாத்தனாரிடம் போனில் பேசும்போதும் நின்றது. அப்புறம் தலை சுற்றத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை, மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கில் பெயர் எழுதி முடிக்கும் தறுவாயில் கண் இருட்டி, முழங்கை நடு அடுக்குக்குள் இறங்கிவிட்டது.

முதலாளி கத்தவில்லை. அதுதான் வலித்தது.

"அக்கா, இந்த மாசத்துல பாழான கேக்குல இது மூணாவது. இன்னொரு தடவை ஆச்சுன்னா நீங்க அட்டைப்பெட்டி மடிக்கப் போயிடுங்க. கோனை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்."

பெட்டி மடிப்பதா! திங்கட்கிழமை காலை அக்கா முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

டாக்டரம்மா இதயத்தைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டி, "உங்க பேரை எழுதுங்க" என்றார். எழுதினாள்.

"இப்ப மூச்சு விட்டீங்களா?"

"அதெப்படி டாக்டர், எழுதும்போது விடறது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மூச்சை நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எப்ப நிக்குதுன்னு மட்டும் கவனிங்க. நின்னா மெதுவா வெளியே விடுங்க. உள்ளே அதுவா வரும்."

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. வீட்டுக்கு வந்ததும் துருத்தி மாதிரி இழுத்து இழுத்து விட்டாள். தலை இன்னும் சுற்றியது. பஸ் ஓட்டும் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னடி, டயருக்குக் காத்து அடிக்கிறியா?"

"வைத்தியம்ங்க!"

"சும்மா கவனிக்கத்தானே சொன்னாங்க? நீ சண்டைக்குல்ல நிக்கிறே."

சரியான பேச்சுதான். ஆனால் அதை அவரிடம் ஒப்புக்கொண்டுவிட முடியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் முதல் அவர் பார்க்காத சமயமாக, வயிற்றில் ஒரு கையை வைத்துச் சும்மா கவனித்தாள். அடேயப்பா! உப்புக் கரண்டியைத் தூக்கினால் நிற்கிறது, வாசல் மணி அடித்தால் நிற்கிறது. 'அகப்பட்டாயா திருட்டு மூச்சே' என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வெளியே போனது. அடுத்தது, யாரும் கூப்பிடாமலே வந்து வயிற்றைத் தள்ளியது.

வேலை முடிந்ததும் காலித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு எழுதிப் பார்த்தாள். முதல் நாள் கோடு மண்புழுவாக நெளிந்தது. நாலாம் நாள் சூட்சுமம் பிடிபட்டது. மூச்சு மெல்ல வெளியேறும்போது கோட்டை இழுத்தால் கை நடுங்கவில்லை. மூச்சு தீர்ந்ததும் கோனைத் தூக்கி, அடுத்ததை உள்ளே வர விட்டு, மறுபடி தொட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, ஓய்வு பெறப்போகும் தலைமை நர்சுக்கு ஒரு கேக். வாசகமோ ரயில் நீளம். முதலாளி, வேறு வேலை இல்லாதவர் போலப் பின்னால் வந்து நின்றார்.

மூச்சு போனது, கோடும் போனது. ஒரு சுழியின் நடுவில் மூச்சு தீர்ந்தது. 'பிடி, பிடி' என்றது முப்பது வருஷப் பழக்கம். அக்கா கோனைத் தூக்கினாள். இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முதலாளிதான்! வயிறு நிதானமாக எழும்பியதும், விட்ட இடத்தைத் தொட்டுச் சுழியை முடித்தாள்.

முதலாளி குனிந்து பார்த்தார். "இங்க என்னக்கா, சின்னதா ஒரு முடிச்சு?"

"நான் மூச்சு வாங்கின இடம்."

"தெரியுதே."

"தெரியட்டும் முதலாளி. அந்தம்மாவுக்கும் இப்பத்தானே மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு!"

முதலாளி தாடையைச் சொறிந்தார். பிறகு அலமாரியிலிருந்து அடுத்த கேக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ரெட்டைக் குழந்தைங்க, இந்தச் சீட்டுல இருக்கிற ரெண்டு பேரையும் எழுதணும். அவசரமில்லக்கா, நிதானமா..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா முதல் எழுத்தில் பாதி தூரம் போயிருந்தாள்.