பின்னால் கேட்ட சத்தம்

தொண்டாமுத்தூரில், மலையடிவாரத் தோட்டத்துக்குள்ளேயே எங்கள் வீடு. தியேட்டர் மாதிரி சுற்றிலும் சத்தம் கேட்க வேண்டும் என்று, கம்ப்யூட்டரோடு ஸ்பீக்கர்களை இணைக்க என் கணவர் ஹாலெங்கும் ஒயரோடு தவழ்ந்துகொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காட்டுப் படத்தைப் போட்டு என்னை சோஃபாவில் உட்காரவைத்தார். முன்னால் மழை, வலப்பக்கம் அருவி, முதுகுக்குப் பின்னால் மட்டை முறிகிற சத்தம்.

"பின்னால ஸ்பீக்கர் எப்படிப் பேசுது பாத்தியா, அம்மணி!" என்று பூரித்துப்போனார்.

நானும் மெச்சிக்கொண்டே, காயப்போட்ட துணியை எடுக்கப் பின்கதவுக்குப் போனேன். காலில் ஒயர் தட்டியது. பின் ஸ்பீக்கருக்கு உரியது, எதிலும் மாட்டாமல் கிடந்தது.

"ஏனுங்க, இதுக்கு இன்னும் ஒயரே மாட்டலீங்களே!"

அவர் படத்தை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் எங்கள் தென்னங்கன்றை மென்றபடி ஒரு யானை! கதவைத் தாழிட்டு வனத்துறைக்குப் போன் செய்தோம். அவர்கள் வந்து விரட்டும்வரை என் கையை அவர் விடவே இல்லை.

இப்போதெல்லாம் துணியை எடுத்து, பின்கதவைத் தாழிட்ட பிறகுதான் படம். அதில் இலை அசைந்தாலே நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்கிறார்: "இது நம்ம ஸ்பீக்கர்தானே, அம்மணி?"